துத்திச் செடியில் இருந்த உன் பெயர்

என் தேசிங்குத் தம்பிக்கு,

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது பேனாவை எடுத்திருக்கிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்கு உடனே தெரிந்திருக்கும். "மேடம் சும்மா கூப்ட மாட்டாங்களே" என்று ஸ்டோர் ரூமிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவாய். காரியம் இருக்கிறது. உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் ஊர்க்கதை பேசிக்கொள்கிறேன். நேராக விஷயத்துக்கு வர இப்போதெல்லாம் எனக்குத் தெம்பு போதவில்லை.

மேற்கு மாம்பலத்தில் அதே இரண்டாவது மாடி வீடுதான். முட்டி இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. படியேறும்போது பாதியில் நின்றுவிடுகிறேன்; கீழ்வீட்டுப் பெண் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டுபோய் என் வாசலில் வைத்துவிட்டு வருகிறாள். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டியதில் நாம் டீ குடித்த கடை தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. பஸ் எங்கே நிற்கிறது என்று போகும்போதெல்லாம் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. களைப்பாக இருக்கிறது தேசிங்கு. அதில் பாதி உடம்புக் களைப்பு. மீதிப் பாதி ஒரு வருஷமாகச் சுமக்கிற விஷயத்தால் வந்தது.

இதைப் பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் அட்டெண்டர். நான் அங்கே பாடம் எடுத்தவள். கண்ணாடிச் சாமான் கழுவுவது, பீரோ சாவி வைத்துக்கொள்வது, பரீட்சை அன்று கரப்பான்பூச்சி கொண்டுவருவது எல்லாம் அவன் வேலை. இவை போக, யாரும் சொல்லாமலே அவன் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. என்னோடு செடி செடியாக அலைந்து பூச்சி பிடிப்பது. கல்லூரி வாசலுக்குள் என்னை மேடம் என்பான். வாசலைத் தாண்டினால் அக்கா என்பான். அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்று நான் பல தடவை கவனித்திருக்கிறேன். வாட்ச்மேன் நாற்காலியைத் தாண்டிய உடனே நடக்கும்.

நம் பூச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டைப்பூச்சி எல்லோருக்கும் தெரியும். அதைப் போல ஊசி மாதிரி வாய் வைத்து உறிஞ்சுகிற பூச்சிகளை ஒரு பெரிய வகையாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வகையில் டிஞ்சிடே என்று ஒரு குடும்பம், மூட்டைப்பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். மனிதரைக் கடிக்காது, இலையின் அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும். எள்ளளவு இருக்கும். கண்ணுக்கு ஏதோ தூசி போலத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் தலைக்கு மேல் குல்லாவும், உடம்பு ஓரத்தில் முள்ளும், முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி அறைகளாகப் பிரிந்த இறக்கையும் தெரியும். விவசாயப் புத்தகங்களில் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று போட்டிருக்கும். நீ முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கொசுவலய போத்திகினு கீது" என்றாய். அன்றிலிருந்து நமக்குள் அது கொசுவலைப் பூச்சிதான்.

இந்தக் குடும்பத்தில் யார் யார் எந்த இனம் என்று பிரிப்பதற்கு அந்த அறைகளைத்தான் எண்ணுவோம். இறக்கையின் வெளி ஓரத்தில் அறைகள் எத்தனை வரிசை? இரண்டா, மூன்றா? முள் நீளமா, குட்டையா? பாதி வகைப்பாடு இப்படி எண்ணுவதிலேயே நிற்கிறது. கண் கெட்டுப்போக இதைவிட நல்ல வழி கிடையாது. நான் எண்ணிச் சொல்லச் சொல்ல, நீ பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, நுனியில் பிசின் தொட்டு, பூச்சியை ஒட்டிக் குண்டூசியில் குத்தி வைப்பாய். நம் பெட்டியில் இருக்கிற பல முக்கோணங்களின் பின்பக்கம் இன்னும் தங்க மை தெரிகிறது. யாரோ ஒருவர் கல்யாணத்தின் சுபமுகூர்த்தம்.

ஆற்றோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் துத்திச் செடி எங்கும் கிடக்கிறது. மூலத்துக்கு நல்லது என்று இலை பறிப்பார்களே, அதே மஞ்சள் பூச்செடி. அதில் இருக்கும் கொசுவலைப் பூச்சிக்கு வெள்ளைக்காரர் காலத்திலேயே பெயர் வைத்தாகிவிட்டது. ஓரத்தில் மூன்று வரிசை அறை, நீள முள். நாம் டிசம்பர் விடுமுறையில் பிடித்ததெல்லாம் அப்படித்தான் இருந்தன. ஆனால் கோடை விடுமுறையில் அதே செடியில் பிடித்தவை சின்னதாக, வெளிறி, இரண்டே வரிசையாக, முள் குட்டையாக இருந்தன. இரண்டு வருஷம் பார்த்தேன். இரண்டு வருஷமும் அப்படியே. இடையில் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. புது இனம்!

நீ அன்று சொன்னதை நான் மறந்துவிட்டதாக இருபது வருஷத்துக்கு மேல் நடித்திருக்கிறேன். மறக்கவில்லை. வகுப்பு முடிந்த நேரம். ஜன்னலோர மேசையில் இரண்டு பெட்டிகளையும் திறந்து வைத்திருந்தேன். நீ தரை துடைத்துக்கொண்டு வந்தவன் நின்றாய்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இது ரெண்டும் ஒண்ணுதான்."

"எதை வச்சுச் சொல்ற?"

"எங்கூட்டாண்ட ஆத்தோரமா துத்தி கீது மேடம். டெய்லி பாக்கறேன். வெயில்ல பொறக்கறது சோப்ளாங்கியா பொறக்குது. மழ வந்துச்சின்னா அதே செடில பெர்சா பொறக்குது. நடுவுல ரெண்டுங்கெட்டானா கொஞ்சம் வருது."

"தேசிங்கு, பிடிச்சுட்டு வர்றது உன் வேலை. எண்ணுறது என் வேலை."

"செரி மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்கப் போனாய். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒன்றும் காட்டாமல் இருக்க உனக்கு எத்தனை வருஷப் பழக்கம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அதற்கு ஒரு மாதம் கழித்து நான் கட்டுரை எழுதி அனுப்பினேன். புது இனத்துக்கு உன் பெயரை வைத்தேன். தேசிங்கி. லத்தீன் முறைப்படி ஒருவர் பெயரோடு கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து வைப்பது வழக்கம். அச்சாகி வந்த பக்கத்தை உன் கையில் கொடுத்தபோது துறையே கை தட்டியது. முதல்வர் அறைக்குக்கூட உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்பால்தான் வைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழுவதும் அன்புதானா என்று இந்த ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் பெயரை வைத்துவிட்டால் அப்புறம் நீ ரெண்டும் ஒண்ணு என்று எப்படிச் சொல்வாய்? உன் வாயை அடைக்கத்தான் அப்படிச் செய்தேனா? அன்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்று சண்டை போட ஆளும் இல்லை, தெம்பும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மொட்டை மாடியில், உடைந்த சிமெண்ட் தொட்டியில், யாரும் வைக்காமலே ஒரு துத்தி முளைத்தது. மாம்பலம் ரயில் பாதைப் பக்கமிருந்து காற்றில் வந்திருக்கும். பிடுங்கிப் போடப் போனவள் பழக்க தோஷத்தில் குனிந்து இலையின் அடியைப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி புள்ளியாக எச்சம், நடுவில் நம் ஆட்கள். செடியை விட்டுவிட்டேன். வேலையில்லாதவளுக்கு ஒரு வேலை. மாதம் நாலைந்து பூச்சி எடுத்து, பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்து, வரைந்து வைத்தேன். சித்திரையில் எல்லாம் இரண்டு வரிசை. உன் தேசிங்கி நம் வீட்டு மாடிக்கே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆடியில் ஒரு பூச்சி கிடைத்தது. இடது இறக்கையில் இரண்டு வரிசை. எண்ணி எழுதிவிட்டு வலது பக்கம் திருப்பினேன். மூன்று வரிசை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். லென்ஸை மாற்றி எண்ணினேன். ஒரே உடம்பில் ஒரு பக்கம் உன் பெயர், ஒரு பக்கம் வெள்ளைக்காரர் வைத்த பெயர். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மழை தூறியது. எடுக்கவே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கே தப்பு நடந்தது என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை, அதுதான் வெட்கம். நாம் பூச்சி பிடிக்கப் போனது எப்போது? கோடை விடுமுறையில், டிசம்பர் விடுமுறையில். மற்ற மாதமெல்லாம் எனக்கு வகுப்பு, இடைத்தேர்வு, விடைத்தாள், ஆய்வுக்குழு. ஜூன் கடைசியிலிருந்து நவம்பர் வரை நான் ஒரு செடியையும் திருப்பிப் பார்த்ததில்லை. வெயில் பூச்சி மழைப் பூச்சியாக மாறுகிற மாதங்கள் அவைதான். கல்லூரி விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ ஆற்றோரத்திலேயே குடியிருந்தாய். உனக்கு ஏது விடுமுறை?

ஒரு செடி, ஒரு மாடி, ஒரு வருஷம் போதாது என்று தோன்றியது. பழைய பெட்டிகளைப் பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவியாக இருக்கிற பெண் நல்ல மாதிரி. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நம் இரும்பு பீரோவை வராண்டாக் கோடிக்குத் தள்ளியிருக்கிறார்கள். பெட்டிகள் பத்திரமாகத்தான் இருந்தன. பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் உன்னைக் கூப்பிடப் பார்த்தேன்.

கீழ்த்தட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் வரிசையாக ஹோமியோபதிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு: ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மறு வருஷத்துக்கும் அதேபோல் ஐந்து. வருஷத்தைப் பார்த்தேன். நான் உன் வாயை அடைத்த வருஷமும் அதற்கு அடுத்ததும்.

நீ விடவில்லை. என்னிடம் சொல்லாமல், என்னோடு வாதாடாமல், நான் பார்க்காத மாதங்களை எல்லாம் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறாய். என்றைக்காவது மேடம் பீரோவைக் குடைவார், கண்ணில் படும் என்று நினைத்தாயா? இல்லை, எனக்காக இல்லாமல் உனக்காகவே வைத்தாயா? ஏன் ஒரு தடவை கூட "மேடம், அந்த டப்பாவப் பாருங்க" என்று சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் பார்த்திருப்பேனா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே ஆள் நீ.

ஸ்பிரிட் வற்றிப்போய்ப் பூச்சிகள் குப்பியின் அடியில் சருகாகக் கிடந்தன. டப்பாவைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈரம் காட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு வாரம் எண்ணினேன். ஆனியில் இரண்டு வரிசை. ஆடியில் அங்கங்கே மூன்றாவது வரிசைக்கு ஓர் அறை, இரண்டு அறை தலைகாட்டுகிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் நீ சொன்ன ரெண்டுங்கெட்டான்கள். ஐப்பசியில் முழு மூன்று. எங்கேயும் ஒரு கோடு கிழித்து இது வேறு அது வேறு என்று சொல்ல வழியில்லை. இரண்டும் ஒன்றுதான்.

இப்போது விதி என்னவென்று உனக்குத் தெரியும், எத்தனை தடவை நான் வகுப்பில் சொல்லும்போது கதவருகில் நின்று கேட்டிருக்கிறாய். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பின்னால் வந்த பெயர் அதற்குக் கீழே போய்விடும். அதாவது தேசிங்கி போக வேண்டும். அதைப் போக்குகிற கட்டுரையை நான்தான் எழுத வேண்டும்.

எழுதாமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இந்தக் குடும்பத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். துத்தியில் எத்தனை இனம் உட்கார்ந்திருந்தால் மாம்பலத்தில் யாருக்கு என்ன? ஆறு மாதம் இப்படிச் சொல்லிச் சொல்லியே நோட்டை மூடி வைத்தேன். உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பெயரையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியில் உன் மகள் மேகலாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பெரும்பாக்கம் போனேன். அந்தப் பெருமழைக்குப் பிறகு உங்களை எல்லாம் ஆற்றோரத்திலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய்ப் போட்டார்களே, அதற்கப்புறம் நான் அந்த வீட்டுக்கு வந்தது ஒரே தடவை, உன் காரியத்துக்கு. திருவான்மியூர் வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. அங்கிருந்து நீ தினமும் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறி வந்தாய். ஒரு தடவை போய்வந்ததற்கே நான் இரண்டு நாள் படுத்தேன்.

நாலாவது மாடி. நல்லவேளை அன்று லிஃப்ட் ஓடியது. மேகலா கதவைத் திறந்ததும் திட்டினாள்.

"இன்னா ஆன்ட்டி, ஃபோன்ல சொல்லக் கூடாதா? இந்த முட்டிய வெச்சிகினு யாரு உங்கள வரச் சொன்னது?"

"நேர்ல சொல்ல வேண்டியதும்மா."

உன் படம் சுவரில் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, படத்தைவிடப் பெரிதாக, அந்த அச்சடித்த பக்கம் லேமினேட் செய்து மாட்டியிருந்தது. தேசிங்கி என்கிற வார்த்தைக்குக் கீழே நீ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாய். நான் அதைப் பார்க்காத மாதிரி தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன். மேகலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்போ அப்பா பேரு பூடுமா?"

"பழைய பேருக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கும். அது என்னிக்கும் அழியாது. ஆனா இனிமே அந்தப் பூச்சிய அந்தப் பேர்ல யாரும் கூப்பிட மாட்டாங்க."

"வேற எதுனா பூச்சிக்கு வெக்க முடியாதா?"

"அந்தக் கூட்டத்துல ஒரு தடவ வச்ச பேர மறுபடி வைக்கக் கூடாதும்மா. அது ரூல்."

அவள் சுவரில் இருந்த அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினாள். பிறகு நீ என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஆத்தோரம் காலி பண்றப்போ லிஸ்ட் போட்டாங்க ஆன்ட்டி. எங்க பேருக்கு நேரா ஆக்கிரமிப்புன்னு எழுதிருந்துச்சி. அப்பா இந்தப் பேப்பர எட்த்துகினு போயி அந்த ஆபீசராண்ட காட்னாரு. 'நாங்க ஒண்ணும் பேரு இல்லாதவங்க இல்ல சார்'னாரு. அந்தாளு சிரிச்சிட்டான். அப்பா அத வாங்கி பைல வெச்சிகினு வந்துட்டாரு."

அதைக் கேட்டபிறகு எனக்கு வேறு என்ன சொல்ல வரும்? "வேண்டாம்மா, நான் அனுப்பல. அப்படியே இருக்கட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கையில் இருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். பை இடித்து உள்ளே குப்பிகள் கலகலத்தன.

"அது இன்னா ஆன்ட்டி?"

டப்பாவைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. மேகலா ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது அப்பா கையெழுத்து" என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ ரெண்டும் ஒண்ணு என்று சொன்னது, நான் உன்னை என்ன சொல்லி அனுப்பினேன் என்பது, நீ இரண்டு வருஷம் சத்தமில்லாமல் சேர்த்து வைத்தது. அந்த வாக்கியத்தை அவள் முன்னால் திரும்பச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. உன் மகள்தானே.

"அப்போ எங்கப்பா சொன்னதுதான் கரெக்ட்டா?"

"ஆமாம்மா."

"நீங்க அனுப்பலன்னா, அவரு சொன்னது தப்புன்னுதானே புக்குல இருக்கும்?"

மேகலா குப்பியை டப்பாவில் வைத்து மூடி என் பக்கம் தள்ளினாள்.

"அனுப்புங்க ஆன்ட்டி. பூச்சிக்குப் பேரு யார் வேணா வெப்பாங்க. எங்கப்பா சொன்னது ரைட்டுன்னு இதுவரிக்கும் எவனும் எழுதிக் குடுத்ததில்ல."

அப்புறம் டீ போட்டாள். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, சோழிங்கநல்லூரில் அவள் வேலை பார்க்கிற ஆபீஸில் ஷிஃப்ட் மாற்றியது எல்லாம் சொன்னாள். சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டாள். எனக்குக் கூடாது என்று தெரிந்தும் குடித்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். கேட்கவே நாக்கு கூசியது. கட்டுரையின் மேலே எழுதியவர் பெயர் போட வேண்டும். அந்தப் பிஸ்கட் டப்பா இல்லாமல் அந்தக் கட்டுரையே கிடையாது. பத்துக் குப்பியும் நீ பிடித்தது, முடிவும் நீ சொன்னது. என் மாடியில் கிடைத்த ஒற்றைப் பூச்சியோடு நான் உன் பின்னால் வருகிறவள். ஆகையால் உன் பெயர் முதலில் வரவேண்டும், என் பெயர் அதற்கடுத்து. எழுதியவர் பெயருக்கு இனிஷியல் கேட்பார்கள். பூச்சிக்கு உன் பெயரை வைத்தபோது அது தேவைப்படவில்லை. தேசிங்கு என்று கூப்பிட்டால் வருகிற ஆளிடம் எனக்கு அது எப்போதுமே தேவைப்பட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். நான் என் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

"மேகலா, உங்க தாத்தா பேரு என்னம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷம் உன்னோடு வேலை பார்த்தவள் இதைக் கேட்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

"கோதண்டம், ஆன்ட்டி."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதை எழுதினேன். செத்தவர் பெயரை முதலில் போட முடியாது என்று எந்தப் பத்திரிகையாவது சொன்னால் வேறு பத்திரிகைக்கு அனுப்புவேன். அவர்களும் சொன்னால் இன்னொன்றுக்கு அனுப்புவேன். முட்டிதான் போயிருக்கிறது, பிடிவாதம் போகவில்லை. அச்சானதும் தபாலில் போடமாட்டேன். நானே எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் வருவேன். உன் படத்துக்கு முன்னால் நின்று முதல் வரியைச் சத்தமாகப் படிப்பேன். இரண்டும் ஒன்று என்று சொல்கிற கட்டுரை, எழுதியவர் கோ. தேசிங்கு.

அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
மேற்கு மாம்பலம்